தோணிக்காரியின் முகம்

எங்கள் வீட்டுக்குள் படம் வரலாம், முகம் வரக்கூடாது. அது வாப்பாவின் சட்டம். உயிருள்ளவற்றின் உருவம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்று எங்கள் ஊர் மருதமுனையில் எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, நெருப்புப் பெட்டியில் இருக்கிற படத்தைக் காணாத மாதிரி இருந்துவிடுவார்கள். என் வாப்பா அந்த ரகம் இல்லை. அவர் நூலுக்குச் சாயம் போடுகிறவர். சட்டியின் அடியில் மிஞ்சிய சாயத்தைச் சிரட்டையில் ஊற்றி, ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு முகத்தையும் தேடிப் பிடித்து அழிப்பார்.

அழிப்பதென்றால் கன்னாபின்னாவென்று பூசித் தள்ளுவதில்லை. முகத்துக்கு வெளியே ஒரு சொட்டுப் போகாது. எழுத்தில் படாது. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பாயைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக அழிப்பார். அந்தக் கிழமை தறியில் எந்த நிறச் சாரனோ, அந்த நிறத்தில் முகங்கள் இருக்கும். உம்மாவுக்கு அதைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"மலக்குமார் வராமப் போறது உங்களாலதான். இந்த ஊரில இவ்வளவு மூஞ்சியையும் கிட்ட வெச்சி உத்துப் பாக்கிற ஒரே ஆள் நீங்கதானே!"

"பாக்காம எப்பிடி அழிக்கிற?" என்பார் வாப்பா, தலையை நிமிர்த்தாமல்.

இப்படியான வீட்டில் இருந்துகொண்டு நான் சேர்த்தது என்ன தெரியுமா? படக்கதைப் புத்தகம். ஆட்டுக்காரன் சுண்ணாம்பு சேர்த்த மாதிரி என்று என் மாப்பிள்ளை கேலி பண்ணுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்தப் பைத்தியத்தை எனக்குப் பழக்கிவிட்டவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரும் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். நாங்கள் நெய்கிற சாரன்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, மட்டக்களப்புக்கும் மலைநாட்டுப் பக்கமும் போய் விற்றுவிட்டு வருவது அவருடைய வேலை. முதல் பயணம் முடித்து வந்த அன்று, புதுப் பெண்சாதிக்கு என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று உம்மா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தா. வளையல் இல்லை. சீப்புக்கூட இல்லை. உள்ளங்கை அகலத்தில், ஒற்றைக் கம்பி ஊசி குத்திய மெல்லிய படப்புத்தகம் ஒன்று இருந்தது.

"இதென்ன கூத்து!" என்று உம்மா சுவரைப் பார்த்துச் சொன்னா. மருமகனோடு நேரே கதைக்க உம்மாவுக்கு வெட்கம். அவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சுவருக்குத்தான் சொல்வா.

மட்டக்களப்பில் ஒரு சின்ன அச்சுக்கூடம். அங்கே ஒரு மனிதர் தானே கதை யோசித்து, தானே மரக்கட்டையில் படம் செதுக்கி, தானே காலால் மிதித்து அச்சடித்து, பஸ் நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கவிடுவாராம். இவ்வளவும் மாப்பிள்ளை விசாரித்து வந்து சொன்னது. புத்தகத்தில் அவருடைய பெயர் கிடையாது. கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன நண்டு மட்டும் இருக்கும். நண்டுக்கு முகம் எது, முதுகு எது என்று வாப்பாவால் முடிவு செய்ய முடியாமல் போனதால் அது ஒன்று தப்பித்துக்கொண்டது.

கதை முழுவதும் ஒருத்தியைப் பற்றியது. ஆற்றில் ஒரு துறை, அந்தத் துறையில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்குகிற ஒரு தோணிக்காரி. புருஷன் இல்லை. ஒரே ஒரு மகன். வாய் என்றால் அப்படி ஒரு வாய்! ஊரை அதிகாரம் பண்ணுகிற விதானையார் ஏறினாலும் விடமாட்டாள். ஆட்டோடு ஏற வந்தவனிடம், "ஆடு ஏறட்டும், நீ நீந்தி வா" என்பாள். எனக்கு வாசலைத் தாண்டி வேலிப் படலை வரைக்கும் போவதென்றாலும் ஒருவர் துணை வேண்டும். அவளோ ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றுக்கு நடுவில் தனியாக நிற்கிறாள். எனக்கு அவள்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தறியில் இருந்தால் கால் மிதிக்கும், கை நூல் நாடாவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எறியும், மனம் எங்கேயோ போய்விடும். வெயில் நேரத்தில், காயப் போட்ட நூல்களுக்குள்ளால் புகுந்து வருகிற வெளிச்சம் வீட்டுக்குள் நீலமாகவும் பச்சையாகவும் ஆடும். கடல் இரைச்சல் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது எனக்கு முன்னால் நீட்டி விரித்த நூலெல்லாம் தண்ணீராகிவிடும். நாடா அக்கரைக்குப் போகும், இக்கரைக்கு வரும். நான் ஆட்களை ஏற்றுவேன், இறக்குவேன், வாய்க்கு வந்தபடி ஏசுவேன். எத்தனையோ நாள் அப்படிக் கிடந்திருக்கிறேன். "என்ன கா, தறி நிண்டு போச்சி?" என்று உம்மா அடுப்படியில் இருந்து கத்தினால்தான் கரைக்கு வருவேன்.

புதுப் புத்தகம் வந்தால் அதற்கென்று ஒரு நேரம் இருந்தது. வாப்பா பொழுதுபட்டு மஃரிபு தொழப் பள்ளிவாசலுக்குப் போனால் இஷாவும் தொழுதுவிட்டுத்தான் திரும்புவார். அந்த இடைவெளிதான் எங்கள் வீட்டில் முகங்களுக்கு ஆயுள். குப்பி விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வாசிப்பார், நான் முகங்களைப் பார்ப்பேன். எழுத்தை நாளைக்கும் வாசிக்கலாம், முகம் நாளைக்கு இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்த்து மனதுக்குள் ஏற்றிக்கொள்வேன். படலைக்குள் வாப்பாவின் மிதியடிச் சத்தம் கேட்டதும், புத்தகத்தை அவருடைய பாயின் தலைமாட்டில் வைத்துவிடுவோம்.

ஒளித்து வைப்போமா என்று மாப்பிள்ளை ஒரு தரம் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. பயமும் இருந்தது. மலக்குமார் வராத வீட்டில் பிள்ளை பெறுவது எப்படி?

சேர்க்கத் தொடங்கினால் அது ஒரு வியாதி. இலக்கம் போடுவதில் அந்த நண்டுக்காரர் படுமோசம். ஏழாம் இலக்கம் இரண்டு வந்தது. ஒன்பது வரவே இல்லை. ஒன்பது என்று ஒன்று இருக்கிறதா, அல்லது மனிதர் எண்ண மறந்துவிட்டாரா என்று நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அட்டாளைச்சேனையில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த ஒருவரிடம் அது இருந்தது. புதுச் சாரன் ஒன்று தந்தால் தருகிறேன் என்றாராம். நல்ல பச்சைக் கோட்டுச் சாரன், என் கையால் நெய்தது, அந்த மனிதரின் இடுப்புக்குப் போயிற்று. இன்னொரு இதழ் கல்முனைக்குடிக் கடையொன்றில் கச்சான் கடலையைச் சுற்றி வந்தது, பாதிதான். மிச்சப் பாதி கிடைக்கும் வரை மாப்பிள்ளை அந்தக் கடையிலேயே திரும்பத் திரும்பக் கச்சான் வாங்கினார். வீடு முழுக்கக் கச்சான் கோது. "இந்த மனிசன் என்ன, அணிலா?" என்று உம்மா சுவரைக் கேட்டா.

கம்பி ஊசி துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தறி நூலால் தைப்பேன். பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் வேப்பிலை போட்டு அடுக்கி வைப்பேன். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் நீலத்தில், சிவப்பில், மஞ்சளில் பொட்டு வைத்த மாதிரி தலை. எனக்கு அது உறுத்தவில்லை. மூடியைத் திறந்தால் எனக்கு முகம் தெரியும்.

இனிச் சொல்லப்போவதைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். எங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. காதில் பாங்கு சொன்னார்கள். அன்று பின்னேரம், அசருக்கு முன், அது மூச்சு நின்று மவுத்தாகிவிட்டது. சாயம் போடாத வெள்ளைத் துணியை என் தறியிலிருந்து வாப்பாதான் வெட்டி எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை பயணத்தில். பிள்ளை பிறந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அடுத்த நாள் மஃரிப் நேரம், கையில் புதுப் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

பெண்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். "சபூர் செய் புள்ள, பொறுமையா இரி. கண்ணீர் விடாத. அந்தப் புள்ள சொர்க்கத்து வாசல்ல நிண்டு உன்னக் கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போகும்" என்றார்கள். நான் அழவில்லை. காய்ச்சல் வந்து உடம்பு எரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மாப்பிள்ளை அந்தப் புத்தகத்தை என் பாயின் பக்கத்தில் வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் நானே திறந்து பார்த்தேன்.

அந்த இதழில் தோணிக்காரி தன் மகனை அக்கரைக்கு ஏற்றிக்கொண்டு போகிறாள். அவன் எங்கேயோ தூரத்துக்கு வேலைக்குப் போகிறான். இறங்கிப் போகிறவன் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். நடு ஆற்றில் தோணி, அதில் அவள் மட்டும், தலையை நிமிர்த்தி, வாய் திறந்து சிரிக்கிறாள். எழுத்து ஒன்றும் இல்லை. நான் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிள்ளையை அக்கரையில் விட்டுவிட்டு வருகிறவள் இப்படிச் சிரிக்கிறாள் என்றால், என்னாலும் ஏலும் என்று நினைத்தேன்.

காலையில் அந்த முகம் நீலமாகியிருந்தது. பரவாயில்லை, அது எனக்குள் ஏறிவிட்டது. நாற்பது நாள் முடிந்ததும் எழும்பித் தறியில் உட்கார்ந்தேன். என் சபூரைப் பற்றி ஊரில் பெருமையாகக் கதைத்தார்கள். சபூருமில்லை ஒன்றுமில்லை. அந்தத் தோணிக்காரிதான் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

பிறகு அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. தறிக் குழிக்குள் முதலில் ஊறி, மெல்ல மெல்ல மேலே ஏறியது. எல்லோரும் நெல்லையும் நூலையும் தூக்க, நான் பிஸ்கட் தகரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பரணில் ஏறினேன். "உசிரு போகப் போகுது, இவள் படத்தக் கட்டிக்கிட்டு ஏறுறாளே, யா அல்லாஹ்!" என்று கீழே நின்று உம்மா கத்தினா. தண்ணீர் வடியும் வரைக்கும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆறு. சாயச் சட்டிகள் கரைந்து, அதில் நீலமும் சிவப்பும் நூல் நூலாக ஓடின. பயப்பட வேண்டிய நேரம். எனக்குப் பயமே வரவில்லை. அவள் கம்பை ஊன்றிக்கொண்டு இப்போது வாசலுக்குள்ளால் வந்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளம் வடிந்தது, தறிகளைக் கழுவிக் காயவைத்தோம், புதுப் புத்தகம் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டக்களப்புக்குப் போனபோது அச்சுக்கூடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். நண்டுக்காரர் உள்ளே இருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாராம். கட்டைகளெல்லாம் ஆற்றோடு போய்விட்டன. விற்காமல் வைத்திருந்த புத்தகங்கள் கூழாகிவிட்டன. முதலில் இருந்து திரும்ப அச்சடித்தால்தான் கதையைத் தொடரலாம், பார்த்துச் செதுக்க ஒரு பிரதிகூட இல்லை, இனிக் கல்யாணக் கடிதம் அடித்துப் பிழைக்க வேண்டியதுதான் என்றாராம். என் மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ட பொஞ்சாதிட்ட முழுசா இரிக்கி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முகங்கள் இல்லை என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

எனக்கு அன்று முழுவதும் கை ஓடவில்லை. அந்த மனிதர் விட்டுவிட்டால் தோணிக்காரி செத்தாள். அவள் செத்தால் அந்தச் சிரிப்பும் போய்விடும். என்னிடம் தாளில் இருப்பது நீலப் பொட்டு ஒன்றுதான், நான் மறந்துபோனால் உலகத்தில் அது எங்கேயும் இருக்காது. எனக்கு அவள் வேண்டும். தண்ணீர் வேண்டும் என்பது போல வேண்டும்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் நண்டுக்காரர் வந்தார். விறாந்தையில் பாய் விரித்து வாப்பா அவரை இருக்கச் செய்தார். நான் உள்ளே, வாசல் திரைக்குப் பின்னால். அது எங்கள் தறித் துணி. வெளியில் வெளிச்சம் இருந்தால் அதற்குள்ளால் ஒரு நிழல் தெரியும். இத்தனை வருஷம் என் மனதில் இருந்த நண்டு அன்று ஒரு மெலிந்த தோளாகவும் நீளமான விரல்களாகவும் தெரிந்தது. தகரத்தை உம்மா கொண்டுபோய் வைத்தா. அவர் முதல் புத்தகத்தைத் திறந்தார். பிறகு இரண்டாவதை. பிறகு ஏழெட்டை ஒரேயடியாகப் புரட்டினார்.

"காக்கா... இது..." என்று வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார்.

"ஓம் தம்பி, நான்தான்" என்றார் வாப்பா, கொஞ்சமும் கூசாமல். "உசிருக்கு அடையாளம் முகம்தானே. வேற எதையும் தொடல்ல. எழுத்தப் பாருங்க, ஒண்டிலயும் பட்டிரிக்கா?"

அந்த மனிதர் ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "படல்லதான் காக்கா. சுத்தமான வேலை" என்றார். "உடம்பு, தோணி, தண்ணி, எல்லாத்தையும் பாத்துப் படமாக் கீறிருவன். முகங்கள் எனக்கு ஞாபகமில்ல. கட்டையச் செதுக்கக்குள்ள கை போற போக்கில வாறது அது. பெரிய ரெண்டொண்டு நினைவிரிக்கி. மிச்சம் இல்ல." தகரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

வேற்று ஆணோடு அதுவரை நான் ஒரு வார்த்தை கதைத்தது இல்லை. எங்கேயிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ!

"எனக்கு ஞாபகமிரிக்கி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. "எல்லா முகமும் ஞாபகமிரிக்கி வாப்பா. நான் சொல்றன். அவர் கீறட்டும்."

வாப்பா திரையைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "கதைக்கிறதில பிழையில்ல. ஆனா என்ட வீட்டுக்குள்ள முகம் கீறேலாது தம்பி. அழிக்கிறவன்ட வீட்டில கீறினா நான் நாளைக்கு என்ன பதில் சொல்ற?"

"தலைய வட்டமா மட்டும் கீறிட்டு, தங்கச்சி சொல்றத பக்கத்தில எழுதிக்கிறன் காக்கா. முகத்த மட்டக்களப்பில போய்ச் செதுக்குவன்."

"வட்டமெண்டா?"

"சும்மா முட்டை மாதிரி."

"முட்டையில ஒண்டும் இல்ல" என்று வாப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ஓம், ஓம். முட்டைக்குள்ள இருந்து குஞ்சு வாறதேயில்ல" என்று உள்ளேயிருந்து உம்மா சுவருக்குச் சொன்னா.

அப்படித் தொடங்கியது. கிழமையில் சில நாள் அவர் காலை பஸ்ஸில் வருவார், நடுப்பகல் லுஹருக்குப் பிறகு போவார். நான் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். கண்ணை மூடினால்தான் முகங்கள் வரும். அவர் புத்தகத்தின் இலக்கத்தையும் பக்கத்தையும் சொல்வார். நான் அந்தத் துறையில் போய் இறங்குவேன். "ஆட்டுக்காரனுக்கு ஒரு புருவம் மேல போயிரிக்கி. ஏமாந்துட்டன் எண்டு இப்பதான் விளங்குது அவனுக்கு." "ஆடு? ஆட்டுக்குச் சந்தோசம். கண்ணப் பாதி மூடிக்கிட்டு இரிக்கி." பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்கும். கடல் இரையும். ஒரு ஆணின் மூச்சும் என் மூச்சும் ஒரு துணிக்கு இரண்டு பக்கத்திலும் இருந்து இல்லாத ஆட்களுக்கு முகம் வைத்தன. எப்படி அனுமதித்தார்கள் என்று இப்போதும் நினைப்பேன். அந்த நாட்கள் முழுவதும் நான் தரையில் நடந்த ஞாபகமே இல்லை.

வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நடுவில் இருப்பார். முதல் நாள் பேசாமல் இருந்தார். இரண்டாம் நாள் பொறுக்கவில்லை.

"இல்ல மகள். விதானைக்கு இடது கண்தான் மூடியிரிந்த. வலது இல்ல."

அடுப்படியில் உம்மா கையில் இருந்த அகப்பையைப் போட்டே விட்டா. "கேட்டீங்களா! நான் அண்டைக்கே சொன்னதானே, எல்லா மூஞ்சியும் அவருட்டத்தான் இரிக்கி!"

நண்டுக்காரர் சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால், "காக்கா, நீங்க சொல்லுங்க" என்று அவர் கேட்பதும், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூக்கு எப்படி, பல் எப்படி என்று வாப்பா விளக்குவதும் வழக்கமாகிவிட்டது. கிட்ட வைத்துப் பார்த்தவர் அல்லவா.

கடைசியில் அந்தப் புத்தகம் வந்தது. மகன் போகிற புத்தகம்.

ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் கேட்கவில்லை. பென்சில் சத்தமும் நின்றுவிட்டது. அவர் கேட்காததால் நானே சொன்னேன்.

"இதில அவ சிரிக்கிறா."

"சிரிக்கிறாவா?"

"ஓம். தலைய நிமித்தி, வாயத் திறந்து சிரிக்கிறா. சுத்திவர ஒருத்தரும் இல்ல. ஆருக்கும் காட்டுறதுக்கில்ல, தனக்காகச் சிரிக்கிறா."

"தங்கச்சி, நல்லா ஞாபகமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்கமாட்டன். அந்த மாசம் நான் வேற எதையும் பாக்கல்ல."

வாப்பா திருத்துவார் என்றுகூட நினைத்தேன். அவர் சாயச் சட்டியைப் பார்க்க வேண்டும் என்று எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டார். பிறகு பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. "சரி தங்கச்சி, சிரிக்கிறா" என்று நண்டுக்காரர் எழுதிக்கொண்டார். அன்று அவர் பஸ்ஸுக்குப் போகும்போது வாப்பாவும் கூடவே தெரு வரைக்கும் போனார்.

சில மாதங்களுக்குப் பிறகு புத்தகங்கள் வரத் தொடங்கின. புதுக் கட்டை, புதுத் தாள், அதே நண்டு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் விளக்கடியில் திறந்து பார்த்தோம். என் வாயால் சொன்ன முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. மகன் போகிற புத்தகம் வந்தபோது நான் நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போனேன். நடு ஆற்றில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கண்டபடியே, அப்படியே. எனக்கு வந்த சந்தோசத்தில் மாப்பிள்ளையின் தோளில் குத்திவிட்டேன். காலையில் வாப்பா அதைச் சிவப்பால் அழித்தார். அழிக்கட்டும், இனி அவள் ஊர் ஊராகச் சிரிப்பாள். தொடர்ந்து புதுக் கதைகளும் வந்தன. தோணிக்காரி பிழைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு பகல், மாப்பிள்ளை மட்டக்களப்பில் இருந்து வந்து தறியடியில் என் மடியில் ஒரு புத்தகத்தைப் போட்டார். பழைய அச்சு. ஓரமெல்லாம் பழுத்திருந்தது.

"வெள்ளத்துக்கு முந்தி வாங்கின ஆரோ கொண்டு வந்து அவருட்டக் குடுத்தாங்களாம். தங்கச்சி சேக்கிறவதானே, முகத்தோட ஒண்டு அவட்ட இரிக்கட்டும் எண்டார். இன்னுமொண்டும் சொன்னார். இதப் பாத்துட்டு கோவிக்க வேணாமாம், புதுசுதான் சரியாம். எனக்கெண்டா ஒண்டும் விளங்கல்ல."

மகன் போகிற புத்தகம். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நல்ல பகல், நூலுக்குள்ளால் வெயில் வந்துகொண்டிருந்தது. தோணி நடு ஆற்றில் நின்றது. தலை நிமிர்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தேகப்பட ஒரு இடமும் இல்லை. புருவம் இரண்டும் நடுவில் ஏறி, கன்னத்தில் இரண்டு கோடு இறங்கி, வாய் விட்டு, தொண்டை தெரிய அழுதுகொண்டிருந்தாள். இதை எப்படி நான் சிரிப்பு என்று கண்டேன்? கண் கெட்டுப் போயிருந்ததா, காய்ச்சலா? எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

புத்தகத்தை விரித்தபடியே பின்வளவுக்குப் போனேன். வாப்பா நூலைச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பிடித்தேன்.

"வாப்பா, நீங்க இத அண்டைக்கே கண்டதானே?"

பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டிக்குள் குனிந்துகொண்டார்.

"ஓம் மகள்."

"அவர் கேக்கக்குள்ள ஏன் சொல்லல்ல? மத்ததுக்கெல்லாம் சொன்னீங்களே."

"நீ எழும்பித் தறியில இரிந்த. சோறு திண்ட. நான் என்னெண்டு சொல்ற?" கையில் இருந்த நூலை அவர் விடவும் இல்லை, முக்கவும் இல்லை. "அந்தத் தம்பி தெருவில வெச்சிக் கேட்டார், புள்ளைக்கு என்ன நடந்த எண்டு. சொன்னன். சரி காக்கா, சிரிக்கட்டும் எண்டுட்டுப் போனார்."

அப்படியே மணலில் இருந்துவிட்டேன். அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது, அது என்னுடையது என்று தெரியவே கொஞ்ச நேரம் எடுத்தது. உம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தப் பார்த்தா. "சபூர் செய் கா, சபூர், சபூர்..."

"விடு" என்றார் வாப்பா. "அழட்டும்."

வேலிக்கு மேலால் அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். என் பிள்ளைக்காக நான் அழுதது அன்றுதான்.